ரவுட்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்

மதுரையில் எங்கள் வீட்டில் கீழே நாங்கள், மாடியில் அண்ணன் குடும்பம். 200 எம்பிபிஎஸ் வேகத்தில் ஃபைபர் இன்டர்நெட் ஒன்று போட்டு, பில்லைப் பாதிப் பாதியாகக் கட்டுவதென்று பேச்சு. ஃபைபர் லைன் வந்து சேரும் ஓஎன்டி பெட்டி கீழே கூடத்தில் இருந்ததால் மாடிக்கு வைஃபை சிக்னல் ஏறவில்லை. பக்கத்துத் தெரு கம்ப்யூட்டர் கடையில் சொன்னேன்.

"டூயல் பேண்ட் ரவுட்டர் ஒண்ணு போட்டா மொட்டைமாடி வரைக்கும் பிச்சுக்கிட்டு வரும்ணே" என்றார் கடைக்காரர். டூயல் பேண்ட் என்றால் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசையிலும் வைஃபை தருவது. ரவுட்டர் 2,600 ரூபாய், வயர் இழுத்து செட் பண்ண 400. பையிலிருந்து வெறும் ரவுட்டரைத்தான் எடுத்தார், அட்டைப்பெட்டி இல்லை. அப்போதே கேட்டிருக்க வேண்டும். ஜிபேயில் மூவாயிரம் போனது. பில்? "கடைக்கு வாங்கண்ணே, தர்றேன்." அட்மின் பாஸ்வேர்டு? "அதெல்லாம் உங்களுக்கு எதுக்குண்ணே, கைய வச்சா நெட்டே நின்னுரும்."

சிக்னல் என்னவோ மாடிக்குப் போனது. ஆனால் ரவுட்டரில் வயரைச் செருகிப் பார்த்தாலும் வேகம் 94-ஐத் தாண்டவில்லை. கம்பெனிக்காரனைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் அண்ணன் மகன் இரண்டு தெரு தள்ளி ஒரு சிநேகிதன் வீட்டுக்குப் போயிருக்கிறான். அங்கே பாஸ்வேர்டு கேட்காமலேயே அவன் போனில் வைஃபை ஒட்டிக்கொண்டது! அதே கடைக்காரர் மாட்டிய ரவுட்டர், அதே பெயர், அதே பாஸ்வேர்டு. அப்படியென்றால் அந்தத் தெருப் பிள்ளைகள் நம் வாசலில் நின்றாலும் ஒட்டிக்கொள்ளும்தானே. கனெக்‌ஷன் என் பெயரில். அதில் எவனோ வில்லங்கம் பண்ணினால் போலீஸ் முதலில் வந்து தட்டுவது என் வீட்டுக் கதவைத்தான்.

அன்றைக்கே ரவுட்டரைப் புரட்டி, அடியில் ஒட்டியிருந்த கடை ஸ்டிக்கரை உரித்தோம். அதன் கீழே மாடல் எண், அட்மின் ஐடி, பாஸ்வேர்டு எல்லாம் அச்சாகியிருந்தன. மாடல் எண்ணைத் தேடினால், சிங்கிள் பேண்ட், 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். ஆன்லைனில் புதுசே ஆயிரத்துச் சொச்சம். அதைவிட முக்கியம், வயர் செருகும் போர்ட்டுகள் எல்லாம் 10/100, அதாவது அதிகபட்சம் 100 எம்பிபிஎஸ். 200 வருகிற லைனை 100 போர்ட்டில் செருகினால் 94, 95-க்கு மேல் எங்கிருந்து வரும்? லேப்டாப்பை நேராக ஓஎன்டியில் செருகினோம். 190-ஐத் தாண்டியது. கம்பெனிக்காரனைத் திட்டியதெல்லாம் வீண்.

ரீசெட் துளையில் ஊக்கை விட்டுப் பத்து விநாடி அழுத்தி, அட்மின் பாஸ்வேர்டு, வைஃபை பெயர், பாஸ்வேர்டு மூன்றையும் பையனே மாற்றினான். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. இதற்கா 400 ரூபாய்!

கடையில் கேட்டதற்கு, "மாட்டின பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்ணே." நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். பில் இல்லாததால் என் கையில் இருப்பது ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் வாட்ஸாப்பில் அவர் அனுப்பிய "டூயல் பேண்ட் 2600" என்ற ஒற்றை வரியும்தான். நீங்கள் கிகாபிட் போர்ட் (1000 எம்பிபிஎஸ் வரை தாங்குவது) என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், மாட்டுவதற்கு முன்னாலேயே பில்லைக் கையில் வாங்குங்கள்.

நேற்று அவரே போன் பண்ணினார். "பாஸ்வேர்டு மாத்திட்டீங்களாண்ணே? இனி ஏதாச்சும் ரிப்பேர்னா விசிட்டிங் சார்ஜ் தனி."