‘டாட்ஜர்ஸ் டக்அவுட்டுக்குப் பின்னாலேயே சீட்’ என்று விற்றார்கள்: 1,140 டாலர் போச்சு

நேற்று மதியம் நடந்தது. இன்னும் கொதிப்பு அடங்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பேஸ்பால் டிக்கெட் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பையனுக்குப் பத்து வயது. லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர்ஸ் அணியில் ஆடும் ஒட்டானி என்றால் உயிர். பிறந்தநாளுக்கு அந்த அணியின் மைதானமான டாட்ஜர் ஸ்டேடியம் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். டிக்கெட் மறுவிற்பனை செய்யும் ஓர் இணையதளத்தில் மூன்று சீட், 1,140 டாலர். ‘டாட்ஜர்ஸ் டக்அவுட்டுக்குப் பின்புறம், முதல் பேஸ் பக்கம்’ என்று போட்டிருந்தது. டக்அவுட் என்றால் ஆட்டத்தின்போது அணி வீரர்கள் உட்காரும் இடம். பேட் செய்யும் இடத்துக்குப் பின்னாலிருந்து பார்த்தால் முதல் பேஸ் வலப்பக்கம், மூன்றாம் பேஸ் இடப்பக்கம். சந்தேகத்துக்கு அந்தத் தளத்தின் சாட்டில் கேட்டேன். ‘ஆமாம் சார், உள்ளூர் அணி எப்போதும் முதல் பேஸ் பக்கம்தான்’ என்று உடனே பதில் வந்தது. நான் நம்பியதற்குக் காரணம் உண்டு. முன்பு நியூயார்க்கில் இருந்தபோது யாங்கீஸ், மெட்ஸ் இரண்டு மைதானத்திலும் உள்ளூர் அணி முதல் பேஸ் பக்கம் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பணத்தைக் கட்டிவிட்டேன்.

போய் உட்கார்ந்தால் சுற்றிலும் எதிரணியான ஜயன்ட்ஸ் ரசிகர்களின் ஆரஞ்சுச் சட்டை. டாட்ஜர்ஸின் நீலத் தொப்பியோடு என் பையன் மட்டும் நடுவில். சீட் காட்டிய பெரியவரிடம் கேட்டேன். எதிர்ப்பக்கத்தைக் கை காட்டினார். டாட்ஜர்ஸ் உட்காருவது மூன்றாம் பேஸ் பக்கமாம்! எந்த அணி எந்தப் பக்கம் என்று பேஸ்பாலில் விதியே கிடையாது, உள்ளூர் அணி விரும்பியதை எடுத்துக்கொள்ளும். கப்ஸ், ஏஞ்சல்ஸ், ஜயன்ட்ஸ் எல்லாம் அவரவர் ஊரில் மூன்றாம் பேஸ் பக்கம்தான்.

ஒட்டானி இடது கை பேட்டர். முதல் பேஸ் பக்கத்திலிருந்து பார்த்தால் அவர் பேட் பிடித்து நிற்கும்போது முதுகில் இருக்கும் 17 என்ற எண்தான் தெரியும். ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிவிலும் டாட்ஜர்ஸ் வீரர்கள் எதிரே மூன்றாம் பேஸ் பக்கம் ஓடிப்போய் அங்கிருந்த பிள்ளைகளுக்குப் பந்தைத் தூக்கிப் போட்டார்கள். ‘ஏம்ப்பா அங்கேயே போறாங்க?’ என்றான் பையன். பந்தைப் பிடிக்கக் கொண்டுபோன கிளவுஸைக் கடைசி வரை கையிலிருந்து கழற்றவில்லை. சாயங்காலம் ஆக ஆக அங்கே நிழல், எங்கள் முகத்தில் வெயில்.

இரவே டிக்கெட் வாங்கிய தளத்துக்குப் போன் செய்தேன். ‘உள்ளே விட்டார்கள் அல்லவா, அப்போ டிக்கெட் சரிதான்’ என்றார் ஒருவர். ‘விவரம் எழுதியது விற்றவர், நாங்கள் நடுவில்தான்’ என்றார் அடுத்தவர். உங்கள் ஆள்தானே சாட்டில் உறுதி சொன்னார் என்றதும் லைன் கட். காலையில் பார்த்தால் புகாரை மூடிவிட்டு 15 டாலர் கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள். 1,140 டாலருக்கு 15 டாலர்!

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. டக்அவுட் எந்தப் பக்கம் என்று அணியின் சொந்தத் தளத்தில் பாருங்கள். டாட்ஜர் ஸ்டேடியத்தில் பிரிவு எண் ஒற்றைப்படை என்றால் மூன்றாம் பேஸ் பக்கம், இரட்டைப்படை என்றால் முதல் பேஸ் பக்கம். என் டிக்கெட்டிலும் இரட்டைப்படை எண்தான் இருந்தது, எனக்கு அப்போது தெரியாது. சாட்டில் சொல்வதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை, இன்று போய்ப் பார்த்தால் அந்த உரையாடலே அங்கு இல்லை.