1911 பன்றி ரூபாய்: பளபளப்பா, கருப்பா, நகைக் காசா?

ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட 1911 வெள்ளி ரூபாயைத் தேடிப் போனால் மூன்று விதமான காசுகள் கண்ணில் படும். துலக்கிப் பளிச்சென்று இருப்பது, பெட்டியில் கிடந்து கருத்தது, நகையிலிருந்து கழற்றியது. வியாபாரி முதலில் நீட்டுவது பளபளப்பானதைத்தான். நான் அதை எடுக்க மாட்டேன்.

இந்த ஆண்டுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி? அரசர் மார்பில் தொங்கும் சங்கிலியில் ஒரு குட்டி யானை உண்டு. துதிக்கையும் காலும் குட்டையாக விழுந்ததில் அது பன்றி மாதிரி தெரிந்தது. முஸ்லிம்களிடையே எதிர்ப்பு கிளம்பியதும், வெளியே போகாமல் இருந்த காசுகளைப் பெருமளவில் உருக்கிவிட்டு, 1912இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். அதற்குள் புழக்கத்துக்குப் போய்விட்டவைதான் இன்று நம் கைக்கு வருகின்றன.

சரி, பளபளப்பானதை லென்ஸில் பாருங்கள். நம் வீடுகளில் பூஜைக்கு வைக்கும் வெள்ளிக் காசை விபூதியோ புளியோ போட்டுத் தேய்ப்பது வழக்கம். அந்தப் பொடி எழுத்துகளின் இடுக்கில் இன்னும் ஒட்டியிருக்கும். கன்னத்தின் மேல் மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் ஓடும். காசு அச்சில் அழுந்தும்போது வெள்ளி வெளிப்பக்கமாக நகர்ந்து நுண்ணிய வரிகள் உண்டாகின்றன. நல்ல காசைச் சாய்த்துத் திருப்பினால் ஒளி சக்கரம் சுற்றுவது அந்த வரிகளால்தான். தேய்த்தால் அவை போய்விடும், திரும்பி வராது. அப்புறம் எப்படித் திருப்பினாலும் எவர்சில்வர் தட்டு போல ஒரே மாதிரி வெளிச்சம்தான். என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற தரநிர்ணய நிறுவனங்களுக்கு அனுப்பினாலும், கடுமையாகத் துலக்கிய காசுக்கு 70க்கு இத்தனை என்று மதிப்பெண் வராது. ‘டீடெயில்ஸ்’ என்று எழுதி ஒதுக்கிவிடுவார்கள்.

கருத்த காசு பார்வைக்கு அழுக்குதான். ஆனால் அந்தக் கருமை, காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு மெதுவாகச் சேர்ந்து படிந்தது. பள்ளங்களில் அடர்ந்தும் மேடுகளில் வெளிறியும் இருந்தால் இயல்பானது என்று நம்பலாம். புருவமும் கிரீடத்தின் மணிகளும் சற்றே மழுங்கியிருந்தால் பரவாயில்லை, அது புழங்கிய தேய்மானம். சங்கிலி யானை மட்டும் தெளிவாக இருக்க வேண்டும், இந்தக் காசுக்கு அழகே அதுதான். வானவில் போல நீலமும் ஊதாவும் மேலாக மிதந்தால் மட்டும் உஷாராகுங்கள். கந்தகப் புகை காட்டி ஒரே நாளில் அப்படி ஆக்கிவிடலாம்.

நகைக் காசைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிரீடத்துக்கு மேலே விளிம்பில் பற்றவைத்த தடம் இருக்கும், அந்த இடத்தில் விளிம்பு வரிகள் அழிந்திருக்கும். பாட்டி மாலையில் இருந்தது என்றால் பொக்கிஷம். சேகரிப்புக்கு என்றால் வெள்ளி விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

எதை எடுத்தாலும் தராசு அவசியம். அடித்தபோது எடை 11.66 கிராம், சரியாக ஒரு தோலா. அதில் வெள்ளி 91.7%. தேய்ந்த காசில் கொஞ்சம் குறையலாம். தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து, காசை நூலில் கட்டி அடியில் படாமல் முழுக்க மூழ்கவிட்டால் தராசு ஏறத்தாழ 1.13 கிராம் கூடுதலாகக் காட்ட வேண்டும். 1.3 என்று காட்டினால் உள்ளே இருப்பது வெள்ளி இல்லை.

பின்பக்கத் தாமரைக்குக் கீழே புள்ளி இருந்தால் பம்பாய் நாணயச்சாலையில் அடித்தது, இல்லாவிட்டால் கல்கத்தா. எந்த நாணயச்சாலை என்பதைவிட நிலைதான் எனக்கு முக்கியம். ஆண்டு 1911 என்று இருந்து, யானை லட்சணமாகத் துதிக்கையோடு நின்றால் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 1912இன் கடைசி எண்ணைச் சுரண்டி மாற்றிய வேலையாக இருக்கலாம்.