ஆடாசிட்டியா, ஏரெகார்டா? லினக்ஸில் கேசட்டையும் இசைத்தட்டையும் கணினிக்கு மாற்ற

இசைத்தட்டு என்றால் தயங்காமல் ஆடாசிட்டி (ஒலியைப் பதிந்து திருத்தும் மென்பொருள்). பதிவாகும்போதே ஒலி அலை கண்முன்னே ஓடுவதால், உச்சிகள் 0 டெசிபலில் முட்டி வெட்டுப்படுகின்றனவா என்று உடனே தெரிந்துவிடும். உச்சிகளை -6 டெசிபல் அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது. கீறலால் வரும் 'டிக்' ஓசையைப் பெரிதாக்கிப் பார்த்து, அந்த இடத்தை மட்டும், அதிகபட்சம் 128 சாம்பிள்கள் (ஒலியின் நுண்ணிய அளவீட்டுப் புள்ளிகள்) வரை, 'ரிப்பேர்' செய்யலாம். பொறுமை வேண்டும், ஆனால் பலன் அருமை. முழுத் தட்டுக்கும் கிளிக் நீக்கியை அழுத்தமாக ஓட்டினால் தாளக் கருவிகளின் கூர்மையும் மழுங்கிப் போகும், அதைச் செய்யாதீர்கள்.

கேசட்டுகள் குவிந்து கிடக்கின்றனவா? அப்போது ஏரெகார்ட்தான் கைகொடுக்கும். லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சாவின் கருவிகளோடு வரும் இதற்குத் தனி ஜன்னல் கிடையாது. டெர்மினலில் ஒரே வரிக் கட்டளை. பழைய, மெதுவான கணினியிலும் ஓடும். 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். கட்டளையில் நேரத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால், அது முடிந்ததும் பதிவு தானே நின்றுவிடும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் 45 நிமிடப் பதிவு ஏறக்குறைய 780 எம்பி. அப்புறம் ஃபிளாக் என்ற சுருக்கிய கோப்பு வகைக்கு மாற்றினால் தரம் குறையாமலே இடம் மிச்சம்.

இதன் பலவீனம், பாடல்களைப் பிரிப்பது. சாக்ஸ் என்ற டெர்மினல் ஒலிக் கருவி மூலம் மௌனத்தைக் கண்டு வெட்டச் சொன்னால், நாடாவின் இரைச்சலையே அது ஒலி என்று எடுத்துக்கொள்ளும். பிரிக்கும் வேலைக்கு மட்டும் கோப்பை ஆடாசிட்டியில் திறந்து லேபிள் வைப்பதே மேல்.

எதில் பதிந்தாலும், டர்ன்டேபிளுக்கும் கணினிக்கும் நடுவே ஃபோனோ ப்ரீஆம்ப் (ஊசியிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி) வேண்டும். கேசட் டெக்கின் லைன் அவுட்டை நேராகச் செருகலாம்.