கண்ணாடி சிரிஞ்சா, பிளாஸ்டிக்கா, தானாகப் பூட்டிக்கொள்வதா?

கண்ணாடி சிரிஞ்சில் வேலை பழகிய செவிலியர்கள் அதைப் பற்றிப் பெருமையாகவே பேசுவார்கள். அதில் நியாயம் உண்டு. அதற்கு முந்தைய சிரிஞ்சுகளில் மருந்து கசியாமலிருக்கத் தண்டின் நுனியில் தோல் வளையம் இருக்கும். கொதிக்க வைத்தால் தோல் சுருங்கிக் கெட்டுவிடும். 1890-களில் பாரிஸின் லூயர் நிறுவனம் குழல், தண்டு இரண்டையும் கண்ணாடியிலேயே செய்தது. முழு சிரிஞ்சையும் வெந்நீரில் போட்டுக் கிருமி நீக்கலாம் என்பது மருத்துவமனை வார்டுகளுக்குக் கிடைத்த பெரிய வரம்.

அந்த வரத்துக்கான உழைப்பு முழுவதும் செவிலியரின் தலையில் விழுந்தது. தண்டைக் குழலுக்குள் விட்டபடி கொதிக்க வைத்தால் இறுகிக்கொள்ளும், சில வேளை விரிசலும் விடும். எனவே பிரித்து, காஸ் துணியில் சுற்றிப் போட வேண்டும். பழைய சிரிஞ்சுகளில் குழலுக்கும் தண்டுக்கும் ஒரே எண் பொறித்திருப்பார்கள். எண் மாறிப் பொருத்தினால் மருந்து கசியும், இல்லாவிட்டால் தண்டு நகராது. உப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்தால் உள்ளே படலம் படியும். ஊசியின் வேலையோ தனி. மழுங்கிய நுனியைச் சாணைக்கல்லில் தீட்டி, பிறகு பஞ்சில் இழுத்துப் பார்ப்பார்கள். ஒரு நூலிழை சிக்கினாலும் நுனி வளைந்திருக்கிறது என்று பொருள். அந்த ஊசி நோயாளியின் தசையைக் கிழிக்கும். துளை அடைத்துக்கொள்ளாமலிருக்க உள்ளே மெல்லிய கம்பி செருகி வைப்பதும் அவர்கள் வேலைதான்.

இத்தனையும் ஒழுங்காக நடந்த இடத்தில் கண்ணாடி சிரிஞ்சு பாதுகாப்பானது. வரிசை நீண்டு, அடுப்பு ஒன்றே ஒன்றாக இருந்த இடத்தில் அது உயிரைக் குடித்தது. எகிப்தில் நத்தை வழியாகப் பரவும் ஒட்டுண்ணி நோயை ஒழிக்க 1980-களின் தொடக்கம் வரை கிராமம் கிராமமாக ஊசி போட்டார்கள். சரியாகக் கிருமி நீக்கப்படாத கண்ணாடி சிரிஞ்சுகள் ஒருவர் இரத்தத்திலிருந்து அடுத்தவருக்கு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸைக் கொண்டுபோயின. ஹெபடைடிஸ் சி உலகிலேயே மிக அதிகமாகக் காணப்பட்ட நாடுகளில் ஒன்றாக எகிப்து ஆனதற்கு இதுவே முக்கியக் காரணம். அங்கே ஊசி போட்டவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு முறையும் முழுக் கவனத்தையும் முழு நேரத்தையும் கேட்கும் கருவியைக் கூட்டத்தின் நடுவே கொடுத்ததுதான் தவறு.

ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் சிரிஞ்சு அந்தச் சுமையை இறக்கி வைத்தது. நியூசிலாந்தின் மருந்தாளுநரும் கால்நடை மருத்துவருமான காலின் மர்டாக் 1956-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். தொழிற்சாலையிலேயே கிருமி நீக்கி உறையிட்டு வருகிறது. ஊசி எப்போதும் கூர்மை. சாணைக்கல்லும் கொதிகலனும் பறித்த நேரம் நோயாளிக்குத் திரும்பக் கிடைத்தது. அன்றாட வார்டு வேலையில் கண்ணாடிக்கும் இதற்கும் போட்டியே இல்லை என்பேன். குப்பை மலையாகக் குவிகிறது என்பது உண்மையான குறை. ஆனால் அதற்கு விடை கண்ணாடிக்குத் திரும்புவதில் இல்லை.

பிளாஸ்டிக்கின் உண்மையான ஆபத்து வேறு. உறையில் 'ஒருமுறை மட்டும்' என்று அச்சடித்திருக்கும். சிரிஞ்சோ இரண்டாம் முறையும் நன்றாக வேலை செய்யும். கண்ணாடியையாவது கொதிக்க வைக்கலாம். பிளாஸ்டிக்கை மறுபடி பயன்படுத்துகிறவர் பெரும்பாலும் வெறும் தண்ணீரில் அலசுகிறார். 2000-ஆம் ஆண்டில் மட்டும் அசுத்த ஊசிகளால் சுமார் 2.1 கோடிப் பேருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றியிருக்கும் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

தானாகப் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சு அந்தக் கதவை அடைக்கிறது. பல வகைகளில் உள்ளே ஒரு சிறு உலோகப் பிடி இருக்கும். தண்டைக் கடைசிவரை அழுத்திவிட்டால், மறுபடி பின்னுக்கு இழுக்க அது விடாது; வலிந்து இழுத்தால் தண்டு உடையும். தடுப்பூசிகளுக்கு 2003 முடிவுக்குள் இதையே பயன்படுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1999-இல் கூட்டாக அறிவித்தன. அளவு பெரும்பாலும் நிலையானது, உதாரணமாக 0.5 மில்லி. ஆகவே கூட்டத்தில் அளவு தவறுவதும் குறைகிறது.

ஆனால் பழக்கதோஷத்தில், மருந்தை இழுக்கும் முன் தண்டை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தால் சிரிஞ்சு அங்கேயே பூட்டிக்கொண்டு வீணாகிவிடும். தூள் மருந்தைக் கரைக்கவும் இது உதவாது. அதற்குத் தனி சிரிஞ்சு தேவை.

எனவே என் தேர்வு இதுதான்: தடுப்பூசி முகாமுக்குத் தானாகப் பூட்டிக்கொள்வதைத் தவிர வேறெதுவும் கூடாது. வார்டில் மருந்து கரைக்கவும் இரத்தம் எடுக்கவும் சாதாரண பிளாஸ்டிக் போதும், பயன்படுத்திய கையோடு பாதுகாப்புப் பெட்டியில் போடும் வசதி பக்கத்திலேயே இருந்தால். கண்ணாடிக்கு இன்னும் ஓர் இடம் மிச்சமிருக்கிறது. முதுகுத் தண்டுப் பகுதியில் மயக்க மருந்து செலுத்தும்போது, ஊசி சரியான இடத்தை எட்டியதும் சிரிஞ்சுத் தண்டின் எதிர்ப்பு சட்டென்று விலகுவதை விரல் உணர வேண்டும். உராய்வின்றி வழுக்கும் கண்ணாடித் தண்டை அதற்காகவே சில மயக்கவியல் மருத்துவர்கள் இன்றும் கேட்டு வாங்குகிறார்கள்.