கொட்பே மீனுக்கு ஒரு பிளொக்செயின் செயலி: ஹேக்கத்தானில் எந்தக் கருவி கைகொடுக்கும்?

கொட்பே துறைமுகத்தில் இறங்கும் சூரை மீன் எந்தப் படகில், எந்த நாளில், எத்தனை கிலோ பிடிபட்டது என்பதைப் பிறகு யாரும் திருத்த முடியாதபடி பிளொக்செயினில், அதாவது பல கணினிகளில் சங்கிலிபோல் தொடரும் பொதுவான பதிவேட்டில், பதியும் செயலி. திருகோணமலையிலிருந்து ஹேக்கத்தானுக்கு, அதாவது ஒன்றரை நாளில் செயலி கட்டும் போட்டிக்கு, போகும் அணிக்கு இதைவிடப் பொருத்தமான கரு எனக்குத் தெரியவில்லை. சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்குத் தடை போட்டது. 2016 ஜூனில்தான் அது நீங்கியது. பதிவு ஒழுங்காக இருப்பதில் சம்மாட்டியின் வருமானமும் தங்கியிருக்கிறது.

கரு சரி. ஒன்றரை நாளில் எதை வைத்துக் கட்டுவது?

உண்மையான பாவனைக்கு, அனுமதி பெற்றவர்கள் மட்டும் சேரும் பிளொக்செயினான ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் நன்றாகப் பொருந்தும். திணைக்களம், கூட்டுறவுச் சங்கம், ஏற்றுமதியாளர் எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். யாரும் சேரக்கூடிய பொதுச் சங்கிலி கட்டாயமில்லை. ஆனால் டொக்கர் என்ற மென்பொருளை ஏற்றி, சான்றிதழ்களையும், பதிவேட்டைக் காக்கும் பியர்களையும், பரிவர்த்தனைகளை வரிசைப்படுத்தும் ஓர்டரரையும் சீராக ஓடவைப்பதிலேயே முதல் இரவு போய்விடும். ஆயத்தமாகக் கிடைக்கும் மாதிரி வலையமைப்பு இருந்தாலும், அதில் ஒன்று பிசகினால் எங்கே பிசகியது என்று தேடுவதே பெரிய வேலை. போட்டிக்கு வேண்டாம்.

பொதுச் சங்கிலிகளில் சொலானாவின் வேகம் ஆசை காட்டும்: புதிய பதிவுத் தொகுதி சேரும் தருணமான ஸ்லொட், ஏறத்தாழ 0.4 செக்கனுக்கு ஒன்று. இன்னொரு பொதுச் சங்கிலியான எதேரியத்தில் ஒரு ஸ்லொட் 12 செக்கன். ஆனால் சொலானாவுக்கு ரஸ்ட் மொழி வேண்டும். ஆங்கர் என்ற கட்டமைப்பு எவ்வளவோ சுமையைக் குறைத்தாலும், நிரல் ஓரிடத்திலும் தரவு வேறு கணக்குகளிலும் இருக்கும் அமைப்பு புதியவரைத் திணறடிக்கும். அணியில் ரஸ்ட் தெரிந்தவர் ஒருவராவது இருந்தால் போங்கள். இல்லையென்றால் எதேரியமும் அதன் நிரல் மொழியான சொலிடிட்டியும்தான்.

அதற்குள்ளும் மூன்று வழிகள்: ரீமிக்ஸ், ஃபவுண்ட்ரி, ஹார்ட்ஹாட். ரீமிக்ஸ் பிரவுசரிலேயே ஓடும், எதையும் நிறுவத் தேவையில்லை. ஒப்பந்தத்தின், அதாவது சங்கிலியில் ஓடும் நிரலின், முதல் வடிவத்தை அதில் எழுதி, பொத்தானை அழுத்திப் பார்ப்பதுபோல் விரைவான வழி வேறில்லை. முகப்புப் பக்கத்தோடு இணைக்கும் கட்டத்தில்தான் அது போதாமல் போகும்.

ஃபவுண்ட்ரியில் சோதனைகள் மிக வேகமாக ஓடும், அவற்றையும் சொலிடிட்டியிலேயே எழுதலாம். கணக்கீடுகளைக் கையாளும் ஒப்பந்தமென்றால் நான் அதைத்தான் எடுப்பேன். ஆனால் விண்டோஸில் அதற்கு டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ்) அல்லது கிட் பாஷ் என்ற கட்டளைச் சாளரம் வேண்டும். முன்கூட்டியே நிறுவி வைக்காவிட்டால் போட்டி நேரத்தில் தலைவலி.

ஹார்ட்ஹாட் ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபடும். இணையப் பக்கம் எழுதும் அதே ஆள் சோதனையும் எழுதலாம், ஒப்பந்தத்துக்குள்ளேயே கொன்சோலில் அச்சிட்டுப் பிழை தேடலாம். உங்கள் கணினியிலேயே ஓடும் உள்ளூர்ச் சங்கிலியைத் தொடக்கினால் 20 கணக்குகள், ஒவ்வொன்றிலும் 10,000 சோதனை ஈதர் (ஈதர் என்பது எதேரியத்தின் நாணயம்), காத்திருப்பே இல்லை. நம் பிள்ளைகளில் அநேகருக்கு ஜாவாஸ்கிரிப்ட் தெரியும் என்பதால் என் தெரிவு இதுதான்: ரீமிக்ஸில் வரைந்து பார்த்து, ஹார்ட்ஹாட்டில் கட்டுங்கள்.

உள்ளூர்ச் சங்கிலியை நிறுத்தித் திரும்பத் தொடக்கினால், மெட்டாமாஸ்க் என்ற பணப்பைச் செயலி பழைய நொன்ஸ் எண்ணையே (பரிவர்த்தனையின் வரிசை எண்) பிடித்துக்கொண்டு பரிவர்த்தனையை அனுப்ப மறுக்கலாம். அமைப்புகளில் கணக்கின் நடவடிக்கைத் தரவை அழித்தால் சரியாகிவிடும். இது தெரியாமல் நல்ல நிரலைக் கலைத்து எழுதும் அணிகளை நினைத்தால் மனம் வலிக்கிறது.

கருவியைவிட முக்கியமானது, சங்கிலியில் எதை ஏற்றுவது என்பது. படகு எண், மீன் வகை, எடை, நேரம், படத்தின் ஹாஷ் (படத்திலிருந்து கணிக்கப்படும், கைரேகை போன்ற குறியீடு) ஆகியவை போதும். படத்தைச் சாதாரண சேவையகத்திலோ, கோப்புகளைப் பல கணினிகளில் பகிர்ந்து வைக்கும் ஐபிஎஃப்எஸ்ஸிலோ வையுங்கள். 40 கிலோவை 60 என்று ஒருவர் பதிந்தால் சங்கிலி அதையும் அப்படியே காக்கும். நடுவர் இதைக் கேட்காமல் விடமாட்டார். படகுக்காரரும் ஏலக்காரரும் தனித்தனியே உறுதிப்படுத்தினால் மட்டுமே பதிவு செல்லும் என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை வையுங்கள். சில வரி சொலிடிட்டிதான், ஆனால் செயலிக்கு உயிர் கொடுப்பது அதுவே.

ஒப்பந்தத்தைச் செப்போலியா டெஸ்ட்நெட்டில், அதாவது எதேரியத்தின் சோதனை வலையமைப்பில், ஏற்றுவதைக் கடைசி மணித்தியாலத்துக்குத் தள்ள வேண்டாம். இலவசச் சோதனை ஈதர் தரும் ஃபோசெட் தளங்கள் சில, உங்கள் பணப்பையில் உண்மையான ஈதர் இருந்தால்தான் தருகின்றன. போட்டிக்குப் போகும் முன்பே வாங்கி, அணியில் இருவரின் பணப்பையில் பிரித்து வையுங்கள்.