காக்டெயில் கூண்டு: எந்தக் குச்சி, எந்த இடத்தில்?

காக்டெயில் (cockatiel) என்ற கொண்டையுள்ள சின்னக் கிளிக்குத் தின்பது, கொறிப்பது, இறகு கோதுவது, தூங்குவது எல்லாமே நின்றபடிதான். 80 முதல் 120 கிராம் எடையுள்ள உடலோடு இரவில் 10, 12 மணி நேரம் ஒரே குச்சியில் நிற்கும். அதிலும் பெரும்பாலும் ஒரு காலை மடித்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டு. ஆகவே குச்சிகளைப் பார்த்து 'எது நல்லது' என்று கேட்பதைவிட, 'இதன்மேல் எத்தனை மணி நேரம் நிற்கப்போகிறது' என்று கேட்பது பயன்தரும். பத்து நிமிடத்துக்கு ஏற்ற குச்சி பத்து மணி நேரத்துக்கு ஆகாது. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்தக் கணக்கில்தான் போகிறது.

முதலில் தடிமன். காக்டெயிலுக்கு முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல். நிற்கும்போது அவை குச்சியின் சுற்றளவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைப் பிடித்திருக்க வேண்டும். முன்நகமும் பின்நகமும் அடியில் முட்டிக்கொள்ளக் கூடாது. 15 முதல் 25 மிமீ விட்டம் இதற்குச் சரியாக வரும். ஒரே கிளை ஓரிடத்தில் 12 மிமீ வரை மெலிந்தும் இன்னோரிடத்தில் 30 மிமீ வரை தடித்தும் இருந்தால் குறையல்ல, அதுதான் வேண்டும். முழு நீளமும் 10 மிமீக்குக் கீழே இருந்தால் நகம் சுற்றிவந்து உள்ளங்காலிலேயே குத்தும். முழுக்கத் தடித்து வழவழப்பாகவும் இருந்தால் பிடி கிடைக்காமல் வழுக்கும். கோணலான கிளையின் விட்டத்தை அளக்க ஒரு நூல் போதும்: சுற்றளவு 47 மிமீ என்றால் விட்டம் 15, 63 என்றால் 20, 78 என்றால் 25.

கடைசல் குச்சியா, மரக்கிளையா?

கூண்டோடு சேர்ந்து வரும் உருண்டையான கடைசல் குச்சி கழுவ எளிது, நேராக மாட்டிக்கொள்ளும், மலிவு. அதன் குறை மரத்தில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது. முனைக்கு முனை ஒரே தடிமன் என்பதால் பறவை எங்கே நகர்ந்து நின்றாலும் எடை உள்ளங்காலின் அதே இரண்டு மூன்று புள்ளிகளில்தான் விழும். நாள்கணக்கில் இப்படி அழுந்தினால் அங்கே இரத்த ஓட்டம் குறையும். ஆரோக்கியமான பாதத்தின் அடித்தோல் சின்னச் சின்ன மேடுகளோடு சொரசொரப்பாக இருக்கும். முதலில் அந்த மேடுகள் மழுங்கி, தோல் பளபளப்பாக இளஞ்சிவப்பாகும். அடுத்து வீக்கம், பிறகு கறுத்த பொருக்கு, உள்ளே சீழ். பறவை வளர்ப்போர் பம்பிள்ஃபுட் என்று சொல்வது இதைத்தான். பழியை முழுக்கக் குச்சிமேல் போட முடியாது. வெறும் விதைத் தீனியால் வரும் வைட்டமின் ஏ குறைபாடு, கூடுதல் எடை, எச்சம் அப்பிய குச்சி எல்லாம் சேரும்போதுதான் புண் வேகமாக வரும். ஆனால் குச்சியை மாற்றுவதுதான் இன்றைக்கே கையில் உள்ள வேலை.

மரக்கிளை இந்தச் சிக்கலைச் சும்மா நிற்பதாலேயே தீர்க்கிறது. முடிச்சு, வளைவு, மெலிவு, பட்டையின் சொரசொரப்பு எல்லாம் இருப்பதால் நான்கு அங்குலம் நகர்ந்தால் பாதத்தில் வேறு இடம் எடை தாங்கும். பட்டையை உரிக்காமல் விடுங்கள். அது பிடியும் தரும், கொறிக்கவும் ஆகும். இடைஞ்சல் கிளையைத் தயார்செய்வதில் இருக்கிறது. அதைச் சரியாகச் செய்ய நேரம் இல்லாதவர்கள் கிளையை எடுக்காமல் இருப்பதே மேல்.

கொய்யா, வேம்பு, யூக்கலிப்டஸ், ஆப்பிள், வில்லோ கிளைகள் ஏற்றவை. அரளி, எருக்கு, அவகாடோ வேண்டவே வேண்டாம். எந்த மரம் என்று தெரியாத கிளையும் அதே கணக்கில்தான். பூச்சிமருந்து அடித்த மரம், சாலையோரப் புகை படிந்த மரம், வார்னிஷ் அல்லது பெயின்ட் பூசிய கட்டை, கரையானுக்கு மருந்தேற்றிய பலகை எல்லாம் விலக்கு.

வெட்டிய கிளையின் இலை, காளான், தளர்ந்த பட்டையை நீக்கி, வெந்நீரில் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு 1 பங்கு ப்ளீச்சும் 9 பங்கு நீரும் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, வாடை துளியும் இல்லாதவரை அலசி, நல்ல வெயிலில் முழுக்கக் காயவையுங்கள். இதைச் செய்யும் அறையில் பறவை இருக்கக் கூடாது. ப்ளீச் பிடிக்காதவர்கள் ஓவனில் 95 முதல் 120 டிகிரி செல்சியஸில் 30 முதல் 45 நிமிடம் வைக்கலாம். பக்கத்திலேயே நிற்க வேண்டும், உலர்ந்த கிளை தீப்பிடிக்கும். ஒட்டாப் பூச்சுள்ள தட்டில் வைக்காதீர்கள். அந்தப் பூச்சு அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை பறவையைக் கொன்றுவிடும்.

மாட்டுவதற்கு இரண்டு வழி. இரு முனையிலும் கூண்டுக் கம்பி உட்காரும்படி 8 மிமீ ஆழத்துக்குக் காடி வெட்டிச் செருகுவது ஒன்று. துளை போட வேண்டாம். ஆனால் மரம் காயக்காயச் சுருங்கித் தளர்ந்து, நடுராத்திரியில் பறவையோடு கீழே விழும். மற்றது போல்ட். பாதி மரத்தில் ஏறும் மரையும் பாதி நட்டுக்கான மரையும் உள்ள 6 மிமீ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஹேங்கர் போல்ட் வாங்குங்கள். கிளையின் தடித்த முனையில், நடுவாக, 4.5 மிமீ பிட்டால் 30 மிமீ ஆழத்துக்குத் துளைத்து அதை ஏற்றுங்கள். முனை 20 மிமீக்குக் கீழே மெலிந்திருந்தால் பிளந்துவிடும். கம்பிக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என 25 மிமீ அகல வாஷர் இரண்டு போட்டு, விங் நட்டால் இறுக்க வேண்டும். கிளை நன்கு காய்ந்த பிறகே துளை. பச்சையில் போட்டால் போல்ட் ஆடும். துத்தநாகம் பூசிய போல்ட் மலிவாகக் கிடைக்கும், எடுக்காதீர்கள். பறவை அதை நக்கும், கொறிக்கும். உள்ளே போகும் துத்தநாகம் நஞ்சு.

அப்படியானால் கடைசல் குச்சியைத் தூக்கி எறியலாமா? தேவையில்லை. தீனிக் கிண்ணத்துக்கு எதிரே ஒன்றை விட்டுவைக்கலாம். அங்கே ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம்தான் நிற்கும். கத்தியால் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சீவி மேடுபள்ளம் செய்தால் இன்னும் நல்லது. நோய்ப்பட்ட பறவையைத் தனியே வைக்கும்போதும் பயன்படும், முடிந்ததும் எறிந்துவிடலாமே.

நகம் தேய்க்க: உப்புத்தாள் உறையா, சிமென்ட் குச்சியா?

இதில் போட்டியே இல்லை. உப்புத்தாள் உறை மாட்டிய குச்சி நகத்தைத் தேய்க்கும் என்று நம்பி வாங்குகிறார்கள். பறவை நிற்பதைப் பக்கவாட்டில் உற்றுப் பாருங்கள்: சராசரிக் குச்சியில் நகநுனி வளைந்து காற்றில் நிற்கும், உறையில் உரசுவது உள்ளங்கால். நகம் வளர்ந்தபடியே இருக்க, பாதம் மட்டும் புண்ணாகும். நனைந்தால் உறை எச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், கிழித்தால் துகள் வாய்க்குள் போகும்.

சிமென்ட் குச்சி வேலை செய்வதற்குக் காரணம் தடிமன். 25 முதல் 30 மிமீ இருந்தால் விரல் முழுக்கச் சுற்றாமல் நகநுனி மேற்பரப்பில் படும். அலகையும் இதிலேயே தீட்டிக்கொள்ளும். ஆனால் கூண்டுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் தண்ணீர்க் கிண்ணத்துக்கு அருகே, நடு உயரத்தில். உச்சியில் மாட்டினால் அங்கேயே தூங்கும். அப்புறம் உப்புத்தாளுக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. வாங்கும்போது உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் தேய்த்துப் பாருங்கள், கீறல் விழுந்தால் வேண்டாம். நகம் வெட்டும் வேலை இதனால் குறையும், தீராது. கால்சியம், தாதுக் குச்சி என்று விற்பவை சீக்கிரம் பொடியாகும். அவற்றைக் கொறிக்கும் பொருள் கணக்கில் வையுங்கள், நிற்கும் இடமாக நம்பாதீர்கள்.

கயிறு, பிளாஸ்டிக், தட்டுப் பலகை

பருத்திக் கயிற்றுக் குச்சிபோலப் பாதத்துக்கு மெத்தென்று இருப்பது வேறில்லை. வயதான பறவை, மூட்டுவலி உள்ளது, பாதப்புண் ஆறிவருவது ஆகியவற்றுக்கு 20 முதல் 25 மிமீ கயிறு உண்மையிலேயே ஆறுதல். அதன் ஆபத்தும் அதே அளவுக்கு உண்மை. கொறித்துப் பிரித்த இழைகளை விழுங்கினால் தீனிப்பையிலோ குடலிலோ சுருண்டு அடைத்துக்கொள்ளும். தொங்கும் நூலில் விரல் மாட்டி, பறவை பதறிச் சுற்றினால் நூல் இறுகி இரத்த ஓட்டம் நிற்கும். தினமும் ஒரு பார்வை, பிசிறை உடனே வெட்டுவது, முறுக்கு அவிழத் தொடங்கினால் குப்பையில் போடுவது என்ற ஒழுங்கு முடிந்தால் வாங்கலாம். கொறிக்கும் பழக்கமுள்ள பறவைக்குக் கூண்டுக்குள் கயிறே வேண்டாம். துவைத்தால் நடுவரை காய வேண்டும். மேலே உலர்ந்து உள்ளே ஈரமாயிருக்கும் கயிற்றில் பூஞ்சை பிடிக்கும். வளைவதற்காக உள்ளே வைத்த கம்பி முனையில் எட்டிப்பார்க்கிறதா என்று தடவிப் பாருங்கள். நைலான் கயிறு எந்தக் கணக்கிலும் சேராது. அறுபடாமல் விரலை அறுக்கும்.

பிளாஸ்டிக் குச்சி வழுக்கும், ஒரே தடிமன், கடினம். கழுவ எளிது என்பதைத் தவிர அதற்காகப் பேச எதுவும் இல்லை.

தட்டுப் பலகை வேறு ரகம். கூண்டின் மூலையில் 15 செமீக்கு 20 செமீ பலகை ஒன்றைப் பொருத்தினால் விரல்கள் பிடிப்பைவிட்டு விரிந்து ஓய்வெடுக்கும். கால் ஊனமான பறவைக்கும் இப்போதுதான் பறக்கத் தொடங்கிய குஞ்சுக்கும் இது அவசியம், மற்றவற்றுக்குக் கூடுதல் வசதி. எச்சம் வழியாமல் தேங்கும் என்பதால் தினமும் சுரண்ட வேண்டும்.

எங்கே மாட்டுவது

காக்டெயில் பெரும்பாலும் உயரமான இடத்தில்தான் தூங்கும். எந்தக் குச்சி என்று சந்தேகமா? காலையில் எச்சம் எங்கே குவிந்திருக்கிறது என்று பாருங்கள். கையிலிருப்பதில் மிக நல்ல கிளை அங்கேதான் போக வேண்டும்: 18 முதல் 25 மிமீ, மேடுபள்ளம் உள்ளது, ஆடாதது. கொண்டை இடிக்காமலிருக்கக் கூரைக்கும் குச்சிக்கும் 20 செமீ விடுங்கள். பறவையின் 30 முதல் 33 செமீ நீளத்தில் ஏறக்குறைய பாதி வால். அதனால் குச்சியிலிருந்து பின்சுவருக்கு 15 செமீயாவது இல்லையென்றால் வாலிறகு கம்பியில் உரசி நைந்துபோகும். ஒரு முனை மட்டும் பொருத்திய குட்டைக் குச்சியில் பறவை இருபுறமும் திரும்பிக்கொள்ளலாம், வாலுக்கும் இடம் கிடைக்கும்.

60 செமீ அகலம், 45 செமீ ஆழம், 60 செமீ உயரம் உள்ள கூண்டு என்றால் ஒரு பக்கம் மேலே தூங்கும் கிளை, எதிர்ப்பக்கம் சற்றுக் கீழே மெலிந்த கிளை, தண்ணீர் அருகே சிமென்ட், கிண்ணத்தின் முன்னே பழைய கடைசல் குச்சி. நான்கு போதும். நடுவில் சிறகை விரித்து அடிக்க இடம் வேண்டும். குச்சிக்காடாக்கினால் பறவை உடற்பயிற்சியை இழக்கும். ஒன்றின் நேர்கீழே இன்னொன்றோ தீனி, தண்ணீர்க் கிண்ணமோ இருக்கக் கூடாது. இரவில் திடுக்கிட்டுப் படபடவென்று அடித்துக்கொள்வது காக்டெயிலுக்கு அடிக்கடி வரும் தொல்லை, அதனால் தூங்கும் குச்சியைச் சுற்றி மணி, ஊஞ்சல், தொங்கும் பொம்மை எதையும் வைக்காதீர்கள். மங்கலான விளக்கொன்று எரியட்டும்.

புதுக் கிளையைக் கண்டு சீறிப் பின்வாங்கும் பறவைகள் உண்டு. மூன்று நான்கு நாள் கூண்டுக்கு வெளியே கண்ணில் படும்படி சாய்த்துவையுங்கள், பிறகு உள்ளே தாழ்வாக மாட்டுங்கள். தானாக ஏறி நின்ற பிறகு மேலே உயர்த்தலாம். அதுவரை பழைய குச்சியைக் கழற்றாதீர்கள்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை, கூண்டுக் கம்பியில் தொற்றி ஏறும்போது உள்ளங்காலைப் பாருங்கள். இரண்டு காலிலும் ஒரே இடம் பளபளத்தால் தூங்கும் குச்சியை மாற்றுங்கள். புதிதாக உராய்ந்த சிவப்பு தெரிந்தால் சிமென்ட் குச்சியைக் கழற்றுங்கள். பொருக்கோ வீக்கமோ, காலை மாற்றி மாற்றி வைப்பதோ தெரிந்தால் குச்சி மாற்றிப் பயனில்லை. பறவை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.