அத்தையின் போனில் வந்த ஆங்கிலச் செய்தி

நாலு வருஷம் கழித்து இந்தத் தை மாதம் ஊருக்குப் போய் வந்தேன். கமுதிக்குப் பக்கம், கரிசல் காடு. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு மிளகாய் எங்கள் பக்கத்து விளைச்சல்தான். ஒரு காலத்தில் டல்லாஸிலிருந்து நான் கூப்பிட்டால் சித்தப்பா மொட்டை மாடிக்கு ஏறித்தான் பேசுவார். இந்த முறை காட்டு வரப்பில் நின்றபடி என் மகளுக்கு மிளகாய்ச் செடியை வீடியோ காலில் காட்டினேன். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததிலிருந்து ஊரில் போன் இல்லாத கை இல்லை.

அத்தை மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவர். யூடியூபில் மைக்கை அழுத்தி, "மிளகாச் செடியில இலை சுருண்டா என்ன பண்றது?" என்று கேட்கிறார். வரிசையாகத் தமிழ் வீடியோக்கள் வருகின்றன. ஒன்றைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவன் மருந்து விக்கிறவன்யா, அடுத்ததப் போடுவோம்" என்று தள்ளிவிட்டார். எதை நம்பலாம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திருப்பூரில் இருக்கும் தங்கச்சியோடு பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில் வாய்ஸ்தான், எழுத்தே கிடையாது.

டீக்கடையில் இன்னமும் தினத்தந்தி வருகிறது. 1942-இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய பத்திரிகை. எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரியவேண்டும் என்று சின்னச் சின்ன வாக்கியமாக எழுதியது. எங்கள் தாத்தா எழுத்துப் பழகியதே அதில்தான். அந்த அக்கறையைத்தான் நான் இந்தப் பயணம் முழுக்கத் தேடினேன்.

இ-சேவை மையத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வட்டம், கிராமம், சர்வே எண் என்று திரை முழுக்கத் தமிழ். சிட்டா நகல் சீக்கிரமே கைக்கு வந்தது.

வங்கிச் செய்தியில்தான் மனசு நொந்தது. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் அத்தையின் கணக்கில் மாதாமாதம் ஏறுகிறது. ஏறினாலும், ஏதோ கட்டணம் என்று பிடித்தாலும் வருகிற செய்தி ஆங்கிலத்தில். போன மாசம் பணம் பிடித்த செய்தியைப் பணம் வந்ததாக நினைத்து, பஸ் ஏறி வங்கிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். அதைவிடக் கொடுமை ஓடிபி. 'யாரிடமும் சொல்லாதீர்கள்' என்ற எச்சரிக்கையும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. அது எச்சரிக்கை என்று தெரிந்துகொள்ளவே அத்தை போனை இன்னொருவரிடம் நீட்டவேண்டும். டீக்கடைப் பையன் நல்லவன். எல்லா ஊரிலும் அப்படி ஒரு பையன் இருப்பானா?

நான் பார்ப்பது மென்பொருள் வேலை. காரணம் ஓரளவு தெரியும். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து. தமிழுக்கு யூனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டு முறை, அதில் 70 குறியீடுதான், அதிலும் 'கி' என்ற ஓரெழுத்து இரண்டாகக் கணக்காகும். ஆங்கிலத்தில் ஒரு செய்தியில் அடங்குவது தமிழில் இரண்டு மூன்றாக நீளும், செலவும் அதற்கேற்ப ஏறும். ஆனால் 'உங்கள் கணக்கில் ரூ.1000 வரவு' என்பது எழுபதுக்குள் தாராளமாக அடங்குகிறது. எண்ணிப் பார்த்துவிட்டேன். இதைச் செய்யாமலிருக்கச் செலவு ஒரு சாக்கு என்றே எனக்குப் படுகிறது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, தமிழில் செய்தி அனுப்பச் சொல்லி மனு எழுதினேன். அத்தை நிதானமாக, எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். கிளையில் இருந்தவர் மரியாதையாக வாங்கிக்கொண்டு, மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார்.

இந்த மாசம் 15-ஆம் தேதி அத்தையிடமிருந்து ஒரு வாய்ஸ் வந்தது. "பணம் வந்திருச்சாம்யா. டீக்கடைப் பையந்தான் படிச்சுச் சொன்னான்."